பெரிய தாத்தாவின் மிலிட்டரி கிராஸ்: சைட்டேஷனைத் தேடிப் பிடித்த அனுபவம்

அம்மாவின் பெரியப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனையில் ராணுவ டாக்டராக இருந்தவர். எங்களுக்குப் பெரிய தாத்தா. அவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவரும் வாய் திறந்ததில்லை. அதைச் சொல்லும் சைட்டேஷனை, அதாவது விருதுக்கான காரணத்தை விவரிக்கும் குறிப்பை, நான் தேடிப் போன வழியை எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல குடும்பங்கள் இருக்கும்.

பதக்கத்திலிருந்து ஒன்றும் கிடைக்காது. வெள்ளிச் சிலுவை, நான்கு முனைகளிலும் கிரீடம், நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்து, வெள்ளை ரிப்பனில் ஊதாப் பட்டை. திருப்பிப் பார்த்தால் கீழ்ப்பகுதியில் 1945 என்று ஆண்டு மட்டும் பொறித்திருக்கிறது. பெற்றவர் பெயரை அரசாங்கம் பொறிக்கும் வழக்கம் அப்போது இல்லை.

அடுத்து எல்லோரும் போவது லண்டன் கெஸட் என்ற பிரிட்டிஷ் அரசிதழுக்கு. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலப் பட்டியல்களில் பெரும்பாலும், பர்மாவில் காட்டிய வீரத்துக்காக மன்னர் இவ்விருதுகளை வழங்குகிறார் என்று ஒரு வாக்கியம், அதன் கீழே வரிசையாகப் பெயர்கள், அவ்வளவுதான். என்ன செய்தார் என்பது வேறொரு தாளில் இருக்கிறது: அவருடைய மேலதிகாரி எழுதி அனுப்பிய பரிந்துரை. முதல் உலகப் போர்ப் பரிந்துரைகளில் பெரும்பகுதி 1940-ல் லண்டன் மீது நடந்த ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்துபோயின. இரண்டாம் போருக்கானவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 373 என்ற தொகுப்பில் இருக்கின்றன. இணையத்திலேயே தேடலாம்.

தேடலாம்தான், ஆனால் நம் பெயர்களை வைத்துக்கொண்டு தேடுவது பெரும்பாடு. அந்தத் தொகுப்பு குடும்பப் பெயரை வைத்து அடுக்கப்பட்டது. நமக்கு அப்படி ஒன்று கிடையாது. ராணுவ எழுத்தர் சில இடங்களில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுவார், சில இடங்களில் ஊர்ப் பெயரை. இனிஷியல்கள் இடம் மாறும், ஒரே பெயர் இரண்டு துண்டாகும். பெரிய தாத்தா பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் போட்டாலும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் பெயரை விட்டுவிட்டு, இந்திய ராணுவ மருத்துவப் படை, மிலிட்டரி கிராஸ், 1945 என்று மட்டும் கொடுத்தேன். வந்த பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனபோது, அவருடைய அப்பா பெயரில் ஒரு கேப்டன். வீட்டில் இருந்த பழைய கடிதத்தில் உள்ள சர்வீஸ் நம்பரோடு ஒத்துப்போனது. அவர்தான். இன்னொரு விஷயம்: அந்த மருத்துவப் படை 1943 ஏப்ரலில்தான் உருவானது. அதற்கு முந்தைய விருது என்றால் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் என்று தேட வேண்டும்.

தாள் ஒரே பக்கம். மேலே பிரிகேட், டிவிஷன், கோர் என்று கட்டங்கள். நடுவில் தட்டச்சில் ஒரு பத்தி. முன்னணி சிகிச்சை நிலையத்தின் மேல் ஷெல் விழுந்துகொண்டிருக்கிறது. உதவியாளர்கள் இருவருக்குக் காயம். இவர் அறுவை சிகிச்சையை நிறுத்தவில்லை. இருட்டியதும் ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களோடு தானே வெட்டவெளியைக் கடந்து போய், முன்வரிசையில் கிடந்தவர்களைக் கொண்டுவந்திருக்கிறார். ஒருவருக்கு அந்த இடத்திலேயே ரத்தப்போக்கைக் கட்டியிருக்கிறார். வலது ஓரத்தில் பரிந்துரைத்தவர்களின் கையெழுத்துகள், பிரிகேடியரில் தொடங்கி 14-ஆவது படையின் தலைவர் ஸ்லிம் வரை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

டாக்டர்களின் சைட்டேஷன்களைத் தனியாகப் படிக்க வேண்டும் என்று அதன்பிறகுதான் தோன்றியது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை இருமுறை பெற்றவர்கள் வரலாற்றிலேயே மூன்று பேர். அவர்களில் இருவர் ராணுவ டாக்டர்கள். ஆர்தர் மார்ட்டின்-லீக் 1902-ல் தென்னாப்பிரிக்காவிலும் 1914-ல் பெல்ஜியத்திலும் பெற்றார். வங்காள-நாக்பூர் ரயில்வேயில் டாக்டராக இருந்தவர். நோயல் சாவாஸ் 1916-ல் கில்மோனில் பெற்றார், 1917-ல் ஈப்ர அருகே காயம்பட்டு இறந்தபின் இரண்டாவதும் கிடைத்தது. அடிபட்டவனை விட்டுவிட்டு வர மாட்டேன் என்ற பிடிவாதத்துக்காகவே இவர்கள் விருது வாங்கியிருக்கிறார்கள். என் மனசில் அதற்கு மேல் ஒரு வீரம் கிடையாது.

உங்கள் உறவினர் போரிலேயே இறந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இறந்தவரை மிலிட்டரி கிராஸுக்குப் பரிந்துரைக்க முடியாது. விக்டோரியா கிராஸ், இல்லையென்றால் போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடுதல், இவைதான் வழி. ஆகவே அந்தப் பட்டியல்களையும் பாருங்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய விருது என்றால் வேலை சுலபம். வீரதீர விருதுகளுக்கென்றே மத்திய அரசு ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. கொரியப் போரில் 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸை நடத்திச் சென்று மகாவீர் சக்ரா பெற்ற லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் போன்றவர்களை அங்கே தேடலாம்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. மருத்துவப் பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 177 தொகுப்பில் இருக்கின்றன. காயம்பட்ட அந்த உதவியாளர்கள் இருவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்கள் குடும்பங்களுக்கும் இந்தத் தாளின் பிரதி போய்ச் சேர வேண்டும்.