டயட்டுக்கு ஒருநாள் லீவு விட்டு ரத்தம் கொடுங்கள்

ரத்த தான முகாமில் கையில் தருகிற படிவத்தை முழுசாகப் படிப்பவர்கள் குறைவு. பெயர், வயது, ரத்த வகை எழுதிவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் வரிசையாக ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எடை குறைக்கிற முயற்சியில் இருப்பவர்கள் மட்டும் ஒரு கேள்வியில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் காரணம் தெரியாமல் எடை குறைந்திருக்கிறதா? அதற்குப் பக்கத்திலேயே விடாத காய்ச்சல், அடிக்கடி வயிற்றுப்போக்கு, நெறி கட்டுவது எல்லாம் கேட்டிருப்பார்கள். எச்ஐவி மாதிரி உள்ளுக்குள் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கிற கேள்வி அது. நாம் சோற்றைக் குறைத்து, ராத்திரி பசியோடு படுத்து, காசு கட்டி ஜிம்முக்குப் போய்க் குறைத்த எடைக்குக் காரணம் நன்றாகவே தெரியும் என்பதால் ‘இல்லை’தான் சரியான பதில். இருந்தாலும் நான் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். "டயட்ல இருக்கேன் டாக்டர், நல்லாவே வெயிட் குறைஞ்சிருக்கு" என்றால் அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

மொத்த விஷயமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. டயட்டில் இருப்பவர்கள் ரத்தம் கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். பட்டினியாகக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். நம் நாட்டு ரத்த வங்கி விதிகளிலேயே விரதம் இருப்பவர் அந்த நேரத்தில் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. கொடுப்பதற்கு முந்தைய 4 மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்களுக்கு இந்த ஒரு விதிதான் இடிக்கும், ஏனென்றால் முகாம்கள் பெரும்பாலும் காலையில்தான் நடக்கும், இவர்களோ மதியம் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

எங்கள் அலுவலக முகாமில் அப்படி ஒரு தம்பி வந்தான். வெறும் பிளாக் காபி மட்டும் குடித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். கொடுக்கும்போது ஒன்றும் ஆகவில்லை, பந்தை அழுத்திக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தான். முடிந்ததும் ஃப்ரூட்டியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஃப்ரூட்டியைத் திருப்பி அதில் சர்க்கரை எவ்வளவு என்று பொடி எழுத்தைப் படித்தவன் அப்படியே மேஜையில் வைத்துவிட்டான். ரெண்டு கொட்டாவி விட்டான். உதடு வெளுத்தது, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. டெக்னீஷியன் அண்ணன் தூரத்திலிருந்தே கொட்டாவியைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "தம்பி, படு, படு" என்று தரையிலேயே படுக்க வைத்து ரெண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அதே ஃப்ரூட்டியைக் குடித்தான், பாவம், கடைசிச் சொட்டு வரைக்கும். மயக்கத்துக்கு முன்னால் கொட்டாவி வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் மயக்கம் வரும்தான். ஆனால் டயட்காரர்களுக்கு, அதிலும் பேலியோ, கீட்டோ மாதிரி மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தவர்களுக்கு, கூடுதலாக ஒரு காரணம் உண்டு. மாவுச்சத்திலிருந்து உடம்பு சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் அது கரையும், கூடவே தண்ணீரும் போகும், இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளும். முதல் ரெண்டு வாரத்தில் தராசில் மளமளவென்று இறங்கி நம்மைக் குஷிப்படுத்துகிற எடையில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீராகத்தான் இருக்கும். ஏற்கெனவே தண்ணியும் உப்பும் குறைந்து கிடக்கிற உடம்பிலிருந்து இன்னொரு 450 மில்லியை எடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கத்தானே செய்யும். அதனால் டயட் ஆரம்பித்த முதல் மாதத்தில் கொடுக்காதீர்கள் என்பேன். இது எந்த விதியிலும் இல்லை, என் அபிப்பிராயம். எடை இறங்குவது நிதானத்துக்கு வந்த பிறகு போனால் போதும். அவசரமாகச் சொந்தக்காரருக்குத் தேவைப்படுகிறது, மருத்துவமனையில் ஆள் கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள் என்றால் வேறு கதை. அன்றைக்கு டயட்டையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நாலு இட்லி சாப்பிட்டு, ரெண்டு டம்ளர் உப்புப் போட்ட மோர் குடித்துவிட்டுப் போங்கள்.

இட்லி என்று சொல்லும்போதே பேலியோ ஆட்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. "பட்டர் டீ குடிச்சுட்டுப் போகலாமா?" என்று ஒரு தோழி கேட்டாள். கூடாது. கொழுப்பு நிறையச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தின் பிளாஸ்மா, அதாவது அணுக்கள் போக மீதி இருக்கிற திரவம், பால் மாதிரி கலங்கலாக இருக்கும். எடுத்த ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா பரிசோதனைகள் செய்வார்கள் இல்லையா, அந்தக் கலங்கல் சில பரிசோதனைகளைக் குழப்பும், பிளாஸ்மாவையே கொட்டிவிட வேண்டியும் வரலாம். முட்டை வேகவைத்துச் சாப்பிடலாம், கூடவே ஒரு பழம். வெண்ணெய், நெய் எல்லாம் ஊசி போட்ட பிறகு.

அடுத்தது இரும்பு. எனக்குப் பயம் வருவது இதில்தான், பெண்ணாக இருப்பதால். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். முகாம்களில் இன்னமும் சில இடங்களில் நீலக் கலரில் காப்பர் சல்பேட் கரைசல் வைத்திருப்பார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டை அதில் விடுவார்கள். சொட்டு உருண்டையாக நேரே கீழே இறங்கினால் பாஸ். நடுவில் தயங்கி நின்றாலோ மேலே மிதந்தாலோ "அடுத்த தடவை வாங்க மேடம்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்தச் சொட்டு இறங்குகிற சில நொடி எனக்குப் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் அதில் பாஸானால் மட்டும் போதாது. ஒரு தடவை கொடுக்கும்போது 200 மில்லிகிராம் போல இரும்பு போய்விடுகிறது. சாதாரணமாகக் குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்று, ரெண்டு மில்லிகிராம்தான். தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் திரும்பிவிடும், சிவப்பணுக்கள் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், இரும்புக் கையிருப்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம் இடைவெளி வைத்திருப்பது அதனால்தான். இந்த இடைவெளியும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களை நினைத்துப் போட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கில் ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவில் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிடும்போதே எட்டாத அந்த அளவை 1200 கலோரியில் வைத்துக்கொண்டு எங்கே எட்டுவது? கலோரியைக் குறைத்தால் அதோடு சேர்ந்து இரும்பும் குறையும், யாரும் இதைச் சொல்வதில்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு முறை இரும்புக் கையிருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் பரிசோதனையைச் சொந்தக் காசில் செய்துகொள்கிறேன். முகாமில் அதைப் பார்ப்பதில்லை. ஹீமோகுளோபின் பிரமாதமாக இருக்கும்போதே கையிருப்பு காலியாகிக் கொண்டிருக்கலாம், முடி கொட்டும், படியேறினால் மூச்சு வாங்கும், நாம் பழியை டயட் மேல் போடுவோம்.

அம்மாவுக்கு இந்த ரெண்டு வேலையையும் நான் சேர்த்துச் செய்வதில் சுத்தமாக உடன்பாடில்லை. "ஏங் கண்ணு, இருக்கற ஒடம்பையும் கரைச்சுப்போட்டு, ரத்தத்தையும் குடுத்துட்டு வர்றயா?" என்று கேட்டுவிட்டு பீட்ரூட்டும் மாதுளையும் ஜூஸ் போட்டு நீட்டுவார். நிறம்தான் ரத்தம் மாதிரி, இரும்பு ரெண்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம்கூட இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியாது, குடித்துவிட வேண்டியதுதான். உண்மையான சரக்கு கறிக்கடையில் இருக்கிறது: ஈரல், சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்). கசாப்புக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால்தான் சுவரொட்டி கிடைக்கும், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதானே. மிளகு சீரகம் போட்டுச் சுண்ட வதக்கினால் எந்த டயட்டுக்கும் பொருந்துகிற சாப்பாடு. ரத்தப் பொரியலும் நல்லதுதான், ஆனால் ரத்தம் கொடுத்த அன்றைக்கே அதைச் சாப்பிட எனக்கு ஏனோ மனசு வருவதில்லை. சைவக்காரர்கள் முருங்கைக்கீரை, கொள்ளு, பயறு வகைகளோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் சி இருந்தால்தான் தாவர இரும்பு நன்றாக உள்ளே போகும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பதை நிறுத்துங்கள், ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் சமாச்சாரம். ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் 650 கலோரி எரியும் என்று வருஷா வருஷம் சுற்றுகிறது. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 450 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 60 கிராம் அளவுக்கு, பிளாஸ்மாவில் உள்ள புரதம் 15, 20 கிராம். எல்லாம் சேர்த்து 300 கலோரிப் பெறுமானம். திரும்ப உண்டாக்குகிற செலவைச் சேர்த்தாலும் அது வாரக்கணக்கில் பரவி நடக்கிற வேலை, ஒரு நெய் ரோஸ்ட்டை ஈடுகட்டினாலே பெரிய விஷயம். தராசு மறுநாள் அரைக்கிலோ குறைத்துக் காட்டலாம், அது போன ரத்தத்தின் எடை, தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். அதைப் பார்த்துக் குஷியாகி அன்றைக்கே ஜிம்முக்குப் போய் வெயிட் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருநாள் சும்மா இருங்கள். அதற்கப்புறமும் சில வாரங்களுக்கு ஓட்டத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும், வேகம் குறையும், அது இயல்புதான்.

டயட் நன்றாக வேலை செய்தவர்களுக்கு இன்னொரு விஷயம். 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி எடுக்கலாம், அதற்குக் கீழே 350 மில்லிதான், 45 கிலோவுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. 58, 59 கிலோவில் கொடுத்துப் பழகியவர் இப்போது 53க்கு வந்திருந்தால் பை மாற வேண்டும். பழைய எடையை ஞாபகத்திலிருந்து எழுதிவிடாதீர்கள், அங்கேயே எடை மெஷின் வைத்திருப்பார்கள், ஏறி நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.