செருப்பில்லாமல் நடக்கக் காலைப் பழக்குவது எப்படி

கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட கையோடு செருப்பைப் பரணில் ஏற்றிவிட்டு, மறுநாளே கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே பிளாட்பாரம் என்று வெறுங்காலோடு சுற்றுகிறவர்கள் அநேகம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களும் அப்படித்தான், கிளம்புகிற அன்றுதான் செருப்பைக் கழற்றுகிறார்கள். முதல் நாள் சாயங்காலமே உள்ளங்கால் பழுத்துவிடும். அப்புறம் மிச்ச தூரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டுதான். வருஷம் முழுக்க ரப்பருக்குள் இருந்த காலிடம் ஒரே நாளில் இவ்வளவு கேட்பது நியாயமில்லை. பழக்கிய காலோடு நடந்தால் அதே தூரம் சுகமாகவே இருக்கும். அந்தப் பழக்கத்தையும், எந்தத் தரையில் எது காத்திருக்கிறது என்பதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோலைப் பற்றி. உள்ளங்காலில் முடி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் நெருக்கமாக இருக்கின்றன. நடக்க நடக்க மேல்தோல் தடிக்கும். ஆனால் தானாக எண்ணெய்ப் பசை வராது. காய்ந்த தடிப்பு குதிகால் ஓரத்தில் பிளப்பதைத்தான் பித்தவெடிப்பு என்கிறோம். தோல் தடித்தால் உணர்ச்சி மங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். 2019இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, கென்யாவில் வெறுங்காலோடு வாழ்கிறவர்களையும் செருப்பு அணிகிறவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, காய்ப்பு ஏறிய காலிலும் தொடு உணர்ச்சி குறையவில்லை என்று சொன்னது. நடந்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல. தோல் தடித்த பிறகுதான் வலி விலகி, தரையின் சொரசொரப்பும் ஈரமும் சூடும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இந்தியாவில் 2,300 பிள்ளைகளின் கால் தடங்களைப் பார்த்து 1992இல் வெளியான ஆய்வு ஒன்றும் உண்டு. செருப்பு, ஷூ போட்டு வளர்ந்த பிள்ளைகளில் தட்டைப் பாதம் 8.6 சதவீதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். சின்ன வயதில் பிள்ளைகளை வாசலிலும் மண்ணிலும் ஓடவிடுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு அவசரம் ஆகாது. தோல் ஒரு மாதத்தில் தேறும். பாதத்தின் சின்னத் தசைகளும், குதிகால் தசைநாணும், விரலெலும்புக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்புகளும் தேற அதைவிட நாளாகும். தோல் தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். பாதத்தின் மேல்புறம் ஒரே புள்ளியில் தொட்டால் வலிக்கிறது, ஓய்வெடுத்த பின்னும் வலிக்கிறது என்றால் நடையை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆகவே கிளம்பும் தேதிக்குக் குறைந்தது 8 வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 10 அல்லது 15 நிமிஷம் போதும். கெட்டிப்பட்ட செம்மண் தடமோ, பள்ளி மைதானமோ நல்லது. மெத்தென்று இருக்கிறதே என்று புல்வெளியில் ஆரம்பிக்காதீர்கள். புல் எதையும் சொல்லிக்கொடுக்காது, உள்ளே கிடப்பதையும் மறைக்கும். வாரத்துக்கு 5 முதல் 10 நிமிஷம் கூட்டி, ஐந்தாவது வாரம் தார் ரோட்டுக்கு வாருங்கள். எட்டாவது வாரம் தார் ரோட்டில் ஒரு மணி நேரம் நடந்து, மறுநாள் காலை வலியில்லாமல் எழுந்தால் கால் தயார். நீண்ட பாதயாத்திரைக்கு இதற்கு மேலும் ஒரு மாதம் வேண்டும்.

நடையும் மாற வேண்டும். ஷூவுக்குள் இருக்கும்போது காலை நீட்டிக் குதிகாலை டம் டம் என்று இறக்குவோம். வெறுங்காலுக்கு அது ஆகாது. அடியைக் குறைத்து, முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே இறக்குங்கள். முக்கியமானது, காலைத் தரையில் இழுக்கக் கூடாது, திருகக் கூடாது. கொப்புளம் வருவது அழுத்தத்தால் அல்ல, உரசலால். முன்பாதத்தில் கொப்புளம் என்றால் தரையைப் பின்னால் உந்தித் தள்ளுகிறீர்கள். குதிகாலில் என்றால் அடி நீளம். கொப்புளம் வந்த இடமே எதைத் திருத்த வேண்டும் என்று காட்டிவிடும். தரையோடு உரசி நடக்க வேண்டிய ஒரே இடம் நெல் அறுத்த வயல். அரிதாளில் காலைத் தூக்கி வைத்தால் குத்தும். பாதத்தால் தாளைச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். மெஷின் அறுத்த வயலில் தாள் உயரமாக நிற்பதால் வரப்பிலேயே போய்விடுவது நல்லது.

சுகம் என்று சொன்னால், விடிகாலை வரப்புக்கு ஈடு எதுவும் இல்லை. பனி நனைத்த அருகம்புல், அதன் அடியில் குளிர்ந்த களிமண், பெருவிரல் தானாகவே மடங்கிப் பிடித்துக்கொள்ளும். வண்டித் தடத்துப் புழுதி அதற்கு அடுத்தது. கணுக்கால் வரை மூழ்கும், வெயில் ஏறும் முன் இளஞ்சூடாக இருக்கும். ஆனால் முள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. கடற்கரையில் அலை வந்து திரும்பும் இடத்து ஈர மணல் கெட்டியாக இருக்கும், நீள நடைக்குத் தோது. மேலே இருக்கும் உலர் மணலில் கெண்டைக்கால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். கரிசலைக் கோடையில் தவிர்த்துவிடுங்கள். வெடிப்பின் விளிம்பு காய்ந்து ஓடுபோல நிற்கும், சுண்டுவிரல் மாட்டினால் நகம் பெயரும்.

மரநிழலுக்கும் குணம் உண்டு. புங்க நிழல் குளிர்ச்சி, கீழே தொந்தரவும் குறைவு. வேப்பமரத்தடியில் ஆனி, ஆடியில் பழம் நசுங்கி வழுக்கும், கொட்டை குத்தும். தென்னந்தோப்பில் உடைந்த ஈர்க்கு நேராக நின்று ஏறும். பனைமரத்தடியில் விழுந்து கிடக்கும் மட்டையை மிதிக்கவே கூடாது. கருக்கு பாதத்தை ரம்பமாக அறுத்துவிடும்.

வெயிலுக்கு வருவோம், கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து. தோல் 60 டிகிரி சூட்டில் சில விநாடிகளில் வெந்துபோகும். உள்ளங்கால் தடித்திருப்பதால் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். சித்திரை, வைகாசி நண்பகலில் தார் ரோடு அந்தச் சூட்டை எட்டிவிடும். ஒரே சூட்டில் இருந்தாலும் செங்கல்லைவிடக் கருங்கல் வேகமாகச் சுடும், ஏனென்றால் தன்னிடம் இருக்கும் வெப்பத்தைக் கல் சட்டென்று தோலுக்குக் கடத்துகிறது. பிராகாரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்த பாதையும் தேங்காய் நார் விரிப்பும் போட்டிருப்பது இதற்காகத்தான். விரிப்பு இல்லாத இடத்தில் மதில் நிழலை ஒட்டியே நடங்கள். ரோட்டில் இறங்கும் முன் புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் காலுக்கும் அது ஆகாது. நெடுஞ்சாலை ஓரத்து வெள்ளைக் கோடு, தாரைவிடச் சூடு குறைந்தது, வழவழப்பானதும்கூட. பாதயாத்திரைக்காரர்கள் வரிசையாக அதன்மேல் நடப்பது அனுபவத்தில் வந்த பழக்கம். மழையில் மட்டும் அது வழுக்கும். வண்டி வந்தால் கோட்டைவிட்டு ஓரமாக ஒதுங்கத் தயங்கவும் கூடாது.

திருவண்ணாமலை கிரிவலத்தை இரவில் நடப்பதால் சூடு பெரிதாக இராது. தூரம் 14 கிலோமீட்டர். ஒவ்வொரு காலும் 10,000 தடவைக்கு மேல் தரையைத் தொடும். அங்கே கவனிக்க வேண்டியவை வேறு. சிதறு தேங்காயின் ஓட்டுச் சில்லு, அணைந்ததுபோலத் தெரியும் சூடம், அன்னதானம் நடந்த இடத்தில் சிந்திய சாம்பார், நடைபாதைக் கல் பெயர்ந்த விளிம்பு. லிங்கங்களுக்கு முன்னால்தான் இவை அதிகம். பௌர்ணமிக் கூட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது, ஆகவே இரண்டடி இடைவெளி விட்டு நடங்கள். முதல் தடவை போகிறவர்கள் பௌர்ணமி அல்லாத நாளில் போய் வருவது என் யோசனை.

இனி முள். நெருஞ்சி எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நோக்கும். ஆனால் ஆழம் போகாது, நின்று நேராக இழுத்தால் வந்துவிடும். கருவேல், சீமைக்கருவேல் முள் அப்படியல்ல. சீமைக்கருவேல் முள் உள்ளே ஒடிந்தால் கால் வீங்கிப் பல நாள் வலிக்கும். விறகு ஏற்றிய வண்டி போன ரோட்டிலும், கரிமூட்டம் போடும் இடத்துக்குப் பக்கத்திலும் கண்ணைத் தரையிலேயே வையுங்கள்.

முள் ஏறியது தெரிந்தால் அடுத்த அடி வைக்காதீர்கள். அந்த இரண்டாவது மிதிதான் முள்ளை ஒடிக்கிறது. உட்கார்ந்து, எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வால் வெளியே தெரிந்தால் முள்வாங்கியால் பிடித்து, ஏறிய சாய்விலேயே இழுங்கள். உள்ளே போயிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேலிருந்து அடித்தால் எல்லாம் ஒரே வெளிச்சமாகத் தெரியும், பக்கத்திலிருந்து அடித்தால் முள் கருங்கோடாகத் தெரியும். ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் முள்ளின் நீளவாக்கில் மேலிருக்கும் செத்த தோலை மட்டும் கீறித் திறங்கள். வால் நிமிர்ந்ததும் முள்வாங்கியால் எடுங்கள். பிதுக்கக் கூடாது, ஒடியும். வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது, மரத்துண்டு உப்பி நொறுங்கும். எருக்கம்பால் வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது தோலை அரிக்கும், கை வழியாகக் கண்ணுக்குப் போனால் பார்வைக்கே கேடு. ரத்தம் வருகிறது என்றால் ஆழமாகப் போய்விட்டீர்கள். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் முள் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முள்ளை எடுத்த பின் தடுப்பூசி. துருப்பிடித்த ஆணிக்குத்தான் டிடி ஊசி என்பது தவறு. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, முள் குத்திய சின்ன ஓட்டையே அதற்குப் போதும். கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் மண் பட்ட காயத்துக்கு மறுபடி போட வேண்டும்.

எங்கள் மண்ணின் பெயரே ஒரு பாத நோய்க்கு இருக்கிறது. 1842இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். பிறகு ‘மதுரா ஃபூட்’ என்றே பெயர் நிலைத்தது. முள் குத்திய வழியாக மண்ணிலிருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய், மாதக்கணக்கில் மெல்ல வளரும். வலி இருக்காது, அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. கட்டி, பிறகு சின்னச் சின்னத் துளைகள், அவற்றிலிருந்து கறுப்பாகவோ வெள்ளையாகவோ குருணை போல வெளியேறும். எலும்பு வரை அரித்துவிட்டால் காலை இழக்கவும் நேரும். உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் இதைக் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பழைய முள் காயத்தில் வலியில்லாத வீக்கம் தெரிந்தால் அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள்.

கொக்கிப்புழு தோலைத் துளைத்து ஏறும். மலம் கலந்த, ஈரமான, நிழலான மண்ணில்தான் அதன் குஞ்சுகள் உயிரோடு இருக்கும். காய்ந்து வெயில் படும் தரையில் பிழைக்காது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் ஜனங்களை இந்தப் புழு ரத்தசோகையில் வாட்டியதால்தான் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் அங்கே ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. திறந்தவெளிக் கழிப்பிடமாகப் பயன்படும் கம்மாய்க் கரை, வாழைத்தோப்பு ஓரம், நாய்கள் படுக்கும் கடற்கரை மணல் ஆகிய இடங்களில் செருப்போடு போங்கள். ஏறிவிட்டால் விரலிடுக்கில் அரிப்பும் தடிப்பும் வரும். கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மருத்துவர் சொல்படி.

நாலாவது, ஐந்தாவது விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு உலர்ந்த இடுக்குதான் முதல் மருந்து. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் துணியை நுழைத்துத் துடையுங்கள். குளோட்ரிமசோல் தடவினால் அரிப்பு நின்ற பிறகும் 2 வாரம் விடாமல் தடவ வேண்டும். பித்தவெடிப்புக்கு ராத்திரி கால் ஈரத்தோடு இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசிக் காலுறை போட்டுப் படுங்கள். காய்ப்பை முழுக்கத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள், இத்தனை வாரம் நடந்து சம்பாதித்தது அதுதான். விளிம்பில் நிற்கும் தடிப்பை மட்டும் தேய்க்கும் கல்லால் மட்டமாக்குங்கள்.

சர்க்கரை நோயாளிகளிடம் கெஞ்சியே கேட்கிறேன். உணர்ச்சி மங்கிய காலுக்கு மேலே சொன்ன எந்த எச்சரிக்கையும் வேலை செய்யாது. சுடுவதும் குத்துவதும் தெரியாமலே கோயிலைச் சுற்றி வந்து, வீட்டில் கொப்புளத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. மருத்துவரிடம் 10 கிராம் நைலான் இழைச் சோதனை செய்யச் சொல்லுங்கள், சில நிமிஷம்தான் ஆகும். உணர்ச்சி குறைவு என்று தெரிந்தால் வேண்டுதலை வேறு விதமாகச் செலுத்துங்கள். சன்னிதிக்குள் கட்டாயம் போக வேண்டுமானால் கோயிலில் கேட்டுக்கொண்டு தடித்த பருத்திக் காலுறையோடு, வெயில் ஏறும் முன் போய் வாருங்கள்.

இருட்டில் டார்ச் இல்லாமல் வரப்பில் இறங்கவே வேண்டாம். கட்டுவிரியன் கடி பல சமயம் வலிப்பதில்லை. கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கிய தெருவிலும் வெறுங்கால் ஆகாது. எலிக்காய்ச்சல் கிருமிக்கு ஒரு வெடிப்பு போதும், உடைந்த பாட்டிலும் கண்ணுக்குத் தெரியாது.

தோள்பையில் முள்வாங்கி, ஊசி, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சு, கையடக்கக் கண்ணாடி, பொவிடோன் அயோடின், துணி பிளாஸ்திரி, டார்ச், கூடவே மெல்லிய ஒரு ஜோடி செருப்பு. கால் போதும் என்று சொல்லும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.