தாதி வராத இரவையும் கணக்கில் எடுங்கள்: ஒன்ராறியோவில் ட்ரேக் வைத்த பிள்ளையை வீட்டில் பராமரித்தல்

கழுத்துத் துளை வழியாக மூச்சுவிட ட்ரேக் குழாய், வயிற்றில் உணவு செலுத்தும் ஜி-டியூப், இரவில் மூச்சுக் கொடுக்கும் வென்டிலேட்டர். இப்படியொரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது, வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் தாதி வருவார் என்று பெற்றோரிடம் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பி வீட்டை நடத்த முடியாது. அனுமதித்த மணித்தியாலம் வேறு, ஆள் வந்து நிற்கும் மணித்தியாலம் வேறு. ட்ரேக் பழகிய, சிறுபிள்ளைகளைப் பார்க்கத் தெரிந்த தாதியர் குறைவு. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்றாள் கிடைப்பது கடினம். இரவு 11 மணி ஷிஃப்டுக்கு ஆள் இல்லை என்று 9 மணிக்கு அழைப்பு வரும். ஆகவே அன்றிரவு ஒருவருமே வராவிட்டாலும் பிள்ளைக்கு ஒன்றும் நேராதபடி வீட்டை ஒழுங்கு செய்வதுதான் முதல் வேலை.

வீட்டுத் தாதியை ஏற்பாடு செய்வது ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம் என்ற மாகாண அமைப்பு. முன்பு 14 பிராந்திய அமைப்புகளாக இருந்தவை 2024 ஜூனில் ஒன்றாக்கப்பட்டன. அங்கே உங்கள் பிள்ளைக்கென ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார். தாதியரை அனுப்புவது அவர்கள் ஒப்பந்தம் செய்த ஒரு நிறுவனம். ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) அட்டை உள்ள பிள்ளைக்கு இந்தத் தாதிச் சேவைக்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்தோடு ஒத்துவரவில்லையென்றால், குடும்பமே பணத்தைப் பெற்றுத் தாதியை வேலைக்கு வைக்கும் திட்டமும் சிக்கலான மருத்துவத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் அதில் நீங்கள்தான் முதலாளி: சம்பளக் கணக்கு, வரிப் பிடித்தம், மாற்றாள் தேடுவது எல்லாம் உங்கள் தலையில். தாதியின் பதிவு செல்லுபடியாகிறதா என்பதை தாதியரைப் பதிவுசெய்யும் அமைப்பான ஒன்ராறியோ தாதியர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம்.

மருத்துவமனையை விட்டு வருமுன் இரண்டு பேராவது முழுப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் மட்டும் போதாது. மூன்றாவதாகச் சித்தியோ மாமாவோ ஒருவர் குழாய் மாற்றவும், ட்ரேக் வழியாகப் பையால் காற்று கொடுக்கவும் பழகினால்தான் இரண்டாவது வாரமும் நித்திரை கொள்ளலாம். பயிற்சி தமிழில் விளங்க வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பெரிய மருத்துவமனைகள் இலவசமாக ஒழுங்கு செய்யும். பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மருந்தின் அளவு அங்கேதான் பிழையாகும்.

அவசரப் பை பிள்ளையை விட்டு ஒரு அறைகூட விலகக் கூடாது. அதே அளவு ட்ரேக் ஒன்று, ஒரு அளவு சின்னது ஒன்று, கட்டும் பட்டி, முனை மழுங்கிய கத்தரிக்கோல், நீரில் கரையும் ஜெல், சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாய்கள், மின்சாரம் தேவையில்லாத கைச் சக்ஷன், காற்றுப் பை. சின்ன அளவு எதற்கென்றால், குழாய் வெளியே வந்ததும் துளை சுருங்கத் தொடங்கும். பழைய அளவு ஏறாவிட்டால் அது ஏறும். பையில் எடுத்ததைத் திருப்பி வைக்காமல் விடுவதுதான் வழமையான தவறு. ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் இருவரும் சேர்ந்து பையைத் திறந்து பார்க்க வேண்டும்.

சக்ஷனுக்கு ஒரு எளிய கணக்கு: ட்ரேக்கின் உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரு மடங்கு பிரெஞ்ச் (Fr, குழாயின் தடிமனைச் சொல்லும் எண்) அளவுக் குழாய். 4.0 என்றால் 8. எவ்வளவு ஆழம் என்பதை உதிரி ட்ரேக்கில் அளந்து, சென்டிமீட்டரில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள். தடை படும்வரை தள்ளினால் மூச்சுக்குழாயின் உட்சுவர் புண்ணாகி இரத்தம் வரும். புண் ஆறும்போது சதை வளர்ந்து வழியை அடைக்கும். உள்ளே போய் வெளியே வர 5 முதல் 10 விநாடிக்கு மேல் கூடாது. அழுத்தம் மருத்துவமனை எழுதித் தந்தபடி; பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம்.

கனடாவின் பனிக்காலம் ட்ரேக் பிள்ளைக்குத் தனிச் சோதனை. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று அப்பளம்போல் காய்ந்துவிடும். மூக்கைத் தாண்டி நேரே நுரையீரலுக்குப் போகும் அந்தக் காற்று சளியை இறுக்கிக் குழாயை அடைக்கும். இரவில் சூடாக்கிய ஈரப்பதமூட்டி, பகலில் ட்ரேக்கில் மாட்டும் ஈரப்பத வடிகட்டி. இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. வடிகட்டி நனைந்து மூச்சு தடைப்படும். ஈரப்பதமூட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர். குழாய் நீர் ஊற்றினால் உப்புப் படியும், கிருமியும் சேரும். அறை குளிர்ந்திருந்தால் குழாய்க்குள் தண்ணீர் திரளும். அதைப் பிள்ளையின் பக்கம் வடிய விடாமல் மறுபக்கம் சாய்த்துக் கொட்ட வேண்டும். ஈரப்பதமூட்டி எப்போதும் பிள்ளையின் கழுத்துக்குக் கீழான உயரத்தில். சக்ஷன் மெஷினை இரவில் காரில் விட்டால் குளிரில் பற்றரி இறங்கிவிடும்.

நம் வீடுகளுக்கென்றே சில விஷயங்கள் உண்டு. ஒக்சிசன் ஓடும் அறையில் குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி வேண்டாம். சாம்பிராணிப் புகை வீட்டில் எங்குமே வேண்டாம். சாமி அறை பக்கத்தில் என்றால் மின்விளக்கு வைத்துக்கொள்ளலாம். மிளகாய் வறுக்கும்போது கதவைச் சாத்தி, வெளியே இழுக்கும் விசிறியைப் போடுங்கள்; அந்த நெடி இருமலைக் கிளப்பி ஒக்சிசன் அளவை இறக்கும். குளித்தபின் பவுடரும், நெற்றியில் தாராளமாகத் திருநீறும் கழுத்துத் துளைக்குள் போகும். வாஸ்லின், சித்தாலேபத் தைலம் போன்றவற்றை ஒக்சிசன் குழாய்க்கு அருகில் பூசினால் தீப்பிடிக்கும் ஆபத்து. அப்பம்மாவிடம் இதை "செய்யாதீங்கோ" என்று மட்டும் சொல்லி விடாமல் காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் அவரே மற்றவர்களைத் தடுப்பார்.

ஜி-டியூபை வயிற்றுக்குள் பிடித்து வைக்கும் பலூனில் வாரம் ஒருமுறை நீரை இழுத்து அளவு பாருங்கள். நிரப்புவது காய்ச்சி வடித்த நீரால், உப்பு நீரால் அல்ல. நீர் குறைந்தால் குழாய் நழுவும். விழுந்துவிட்டால் ஓரிரு மணித்தியாலத்தில் துளை சுருங்கும் என்பதால் உதிரி எப்போதும் கையில் இருக்க வேண்டும். அறுவை செய்து சில வாரங்களே ஆன துளை என்றால் நீங்களே செருக முயலாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தூளில் கரைத்த பாலைப் பம்பில் 4 மணித்தியாலத்துக்கு மேல் தொங்கவிடக் கூடாது.

மருந்தில் நடக்கும் பெரிய பிழை அடர்த்தியால் வருவது. 20 மில்லிகிராம் என்பது, மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள போத்தலில் 2 மில்லிலீட்டர். 20 உள்ள போத்தலில் 1 மில்லிலீட்டர். மருந்தகம் மாறினால் போத்தலும் மாறலாம். புதிய போத்தல் வரும் ஒவ்வொரு முறையும் அட்டவணையில் இரண்டு அளவையும் எழுதுங்கள். தேக்கரண்டியை மறந்துவிடுங்கள், வாய்வழி மருந்துக்கான சிரிஞ்ச்தான்.

தாதி வராத இரவில் பெற்றோர் இருவரும் விழித்திருப்பது வீரமல்ல, ஆபத்து. ஒருவர் 8 மணியிலிருந்து 2 வரை உறங்க, மற்றவர் 2 முதல் 8 வரை. விழித்திருப்பவர் பிள்ளையின் அறையிலேயே இருக்க வேண்டும். அலாரம் அடித்தால் முதலில் பிள்ளையின் நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பாருங்கள், பிறகு திரையை. ஒக்சிசன் அளவு பார்க்கும் ஒட்டி தளர்ந்தாலோ, அதை ஒட்டிய கால் குளிர்ந்தாலோ பொய் அலாரம் வரும். ஆனால் பொய் என்று பழகி அலாரத்தின் ஒலியைக் குறைப்பது ஒருபோதும் கூடாது.

2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் வாடிக்கையாளருக்கு மின்சாரம் போனது. சில இடங்களில் நாட்கணக்கில் வரவில்லை. வென்டிலேட்டரின் உதிரிப் பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதைத் தாதி இருக்கும் ஒரு பகலில் ஓடவிட்டுப் பாருங்கள். நிறைந்த 'E' அளவு ஒக்சிசன் சிலிண்டரில் சுமார் 680 லீட்டர். நிமிடத்துக்கு 2 லீட்டர் வீதம் ஐந்தரை மணித்தியாலம், பாதுகாப்புக்கு 5 என்று எண்ணுங்கள். பற்றரியும் சிலிண்டரும் பாதி தீருமுன் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

செலவு: மாகாணத்தின் உதவிக் கருவித் திட்டம் பல கருவிகளுக்கு 75 சதவீதம் தரும். வருமானம் குறைந்த குடும்பம் கடும் இயலாமையுள்ள பிள்ளைகளுக்கான மாத உதவியைப் பெற்றால், அங்கீகரித்த விலை முழுவதும் கிடைக்கும். வென்டிலேட்டரைக் கிங்ஸ்டனில் உள்ள மாகாணக் கருவி நிலையம் இரவலாகத் தரும். மத்திய அரசின் பிள்ளை இயலாமைப் படிக்கு டி2201 படிவத்தை மருத்துவர் நிரப்ப வேண்டும்; பிள்ளை செய்ய முடியாதவற்றை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் படிவம் திரும்பி வரும் வாய்ப்பு குறையும்.

தாதி வராத ஒவ்வொரு ஷிஃப்டையும் திகதி, நேரம், அழைப்பு வந்த மணி, சொன்ன காரணத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். மறுமதிப்பீட்டில் "அடிக்கடி வருவதில்லை" என்ற முறைப்பாடு எடுபடாது, அந்தப் பக்கங்கள் எடுபடும். மணித்தியாலத்தைக் குறைத்தால் முடிவை எழுத்தில் கேளுங்கள். முதலில் ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோமிடம் முறையிட்டு, அங்கும் சரிவராவிட்டால் மாகாணத்தின் சுகாதார சேவைகள் மேன்முறையீட்டு, மீளாய்வுச் சபைக்குப் போகலாம். கொப்பியின் பிரதி ஒன்றை விண்ணப்பத்தோடு இணையுங்கள். மூலம் வீட்டிலேயே இருக்கட்டும்.