மெல்லிசைக்குள் மறைந்த ராகங்கள்

எம்.எஸ்.விஸ்வநாதனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பாங்கோ, பியானோ, அக்கார்டியன் என்று அவர் கையாண்ட மேற்கத்திய வாத்தியங்களில் தொடங்கி, அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அந்த வாத்தியங்களுக்கு அடியில் அவர் ஆரவாரமில்லாமல் வைத்துவிட்டுப் போன ராகங்களே என்னை அதிகம் வியக்க வைக்கின்றன.

பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-இல் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, கண்ணூரில் தாத்தாவின் ஆதரவில் வளர்ந்த அவர், நீலகண்ட பாகவதரிடம் முறையாகச் சங்கீதம் கற்றவர். பின்னர் திரை இசையமைப்பாளர்களான எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடமும் சி.ஆர்.சுப்பராமனிடமும் பணியாற்றினார். 1952-இல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தபோது, அவர் பாதியில் விட்டுச்சென்ற படங்களை விஸ்வநாதனும், அதே குழுவில் வயலின் வாசித்த டி.கே.ராமமூர்த்தியும் சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் வெளிவந்த 'பணம்' தொடங்கி 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை இருவரின் பெயரும் சேர்ந்தே திரையில் வந்தது. அந்தக் காலத்துப் பாடல்களை விஸ்வநாதன் ஒருவருடையவை போலப் பேசுவது ராமமூர்த்திக்குச் செய்யும் அநீதி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவருடைய ராக ஞானத்துக்கு எளிய சான்று, மோகன ராகத்தில், மும்மூன்றாக எண்ணும் தாளப் போக்கான திஸ்ர நடையில் அவர் அமைத்த தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் வரிகளை, சங்கீதப் பயிற்சியே இல்லாத பள்ளிக் குழந்தைகளும் சுருதி விலகாமல் பாட முடிகிறதென்றால், அதற்கு அந்த மெட்டின் நேர்மையே காரணம்.

அரிய சான்று 'அபூர்வ ராகங்கள்' படத்தில் இருக்கிறது. 1975-இல் வந்த இந்தப் படத்தின் 'அதிசய ராகம்' பாடலுக்கு அவர் எடுத்துக்கொண்டது, கர்நாடக இசைக் கலைஞர் எம்.பாலமுரளிகிருஷ்ணாவின் படைப்பான மகதி ராகம். ஏழு சுரங்களில் ரிஷபம், மத்திமம், தைவதம் மூன்றும் அதில் கிடையாது. ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம், நிஷாதம் என்ற நான்கு சுரங்களே உண்டு. சுரங்களுக்கிடையே இவ்வளவு தூரம் இருக்கும்போது மெட்டு நடக்க இடமில்லாமல் தாவித் தாவியே செல்ல வேண்டும். கவனம் சற்றுத் தப்பினாலும் அது பாடமாகிவிடும், பாட்டாகாது. ஆனால் யேசுதாஸ் பாடும்போது இந்த நெருக்கடி எதுவும் கேட்பவருக்குத் தெரிவதில்லை. கதாநாயகியின் பெயர் பைரவி. கண்ணதாசனின் இறுதி வரி அந்தப் பெயரைத் தொடும் இடத்தில் மெட்டும் மகதியை விட்டுவிட்டு பைரவி ராகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. ராகம் அறிந்தவர்கள் அந்த இடத்தில் புன்னகைப்பார்கள். அறியாதவர்களுக்கும் நான்கு சுரங்களின் இறுக்கம் தளர்ந்து, பாடல் திடீரென விரிவது காதில் விழாமல் போகாது.