சித்தி சொல்லாமல் வைத்திருந்த எட்டு மாதங்கள்

சித்தியின் இடது மார்பில் இருந்த கட்டியை முதலில் கண்டறிந்தவர் சித்தியேதான். குளிக்கும்போது, சோப்பு நுரையில் வழுக்கிய விரலுக்குப் புளியங்கொட்டை போல ஏதோ தட்டுப்பட்டதாம். எட்டு மாதங்கள் அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வலியில்லாததைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று நினைத்திருந்தார்; ஆனால் மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் பெரும்பாலானவை தொடக்கத்தில் வலிப்பதே இல்லை. மகளின் கல்யாணம் நல்லபடியாக முடியட்டும் என்றும் ஒரு கணக்கு இருந்தது. உண்மையான காரணத்தைக் கீமோவுக்காகக் காத்திருந்த ஒரு காலையில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்த இடத்தை ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிம்மா காட்டுறது?"

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக அக்டோபர் மாதத்தில் அணியும் இளஞ்சிவப்பு ரிப்பன்களின் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனாலும், 'மார்பகம்' என்பது பாடப்புத்தகச் சொல்லாகவே நின்றுவிட்ட வீடுகளில், கையை நெஞ்சருகே கொண்டுபோய் "இங்கே" என்று மட்டும் சொல்லிப் பழகிய பெண்களுக்கு, அந்த ரிப்பன் எட்டுவதில்லை. கட்டி என்று சொன்ன பிறகும், ஊசி குத்திச் சதையெடுத்தால் நோய் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டம்மா பயமுறுத்தியதில் மேலும் இரண்டு வாரங்கள் போயின. அப்படிப் பரவுவதில்லை, அந்தப் பரிசோதனை இல்லாமல் எந்த வகைப் புற்றுநோய் என்று தெரியாது, அது தெரியாமல் சரியான மருந்தும் இல்லை.

2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.9 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. இந்தச் சூழலில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது, மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஓர் ஆய்வு. குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 1.5 லட்சம் பெண்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையாலேயே மார்பகங்களைப் பரிசோதித்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, அந்தப் பிரிவில் நோய் முன்னதாகவே பிடிபட்டது; ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. இளையவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஆண் மருத்துவரும் இல்லை. சித்திக்கு வேண்டியிருந்தது இதுதான் என்று தோன்றியது.

என் அளவில் செய்துகொண்டவை சிறியவை. மார்பகப் புற்றுநோய் பலவற்றை வளரத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், மாதவிடாய் நின்ற பிறகு உடலில் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது என்று அறிந்த நாள் முதல் எடையைக் கவனிக்கிறேன்; வாரத்துக்கு ஐந்து நாள் அரைமணி நேரம் வேகமாக நடக்கிறேன். மது சிறிதளவானாலும் ஆபத்தைக் கூட்டும். தாய்ப்பால் கொடுப்பது ஓரளவு காக்கும். ஆனால் இவை வாய்ப்பைக் குறைப்பவை மட்டுமே. மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, வயலிலும் வீட்டிலும் ஓயாமல் உழைத்த சித்திக்கும் வந்ததே! அவரைப் பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்த கையோடு, "என்ன சாப்பிட்டாய், என்ன செய்தாய்?" என்று விசாரித்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நாற்பத்தாறு வயதில் நான் முதல் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துக்கொண்டேன். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்துகிறார்கள். வலிக்கத்தான் செய்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் சில நொடிகளே. கட்டி மட்டுமல்ல, தோல் சுருங்குவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, இரத்தம் கலந்த கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த முறைக்காகக் காத்திருக்கக் கூடாது என்று அங்கிருந்த செவிலியர் சொல்லி அனுப்பினார்.

போன மாதம் ஒரு வளைகாப்பில், வளையல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களிடம் சித்தி உரத்த குரலில், "முப்பது வயசு தாண்டினவங்க எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்துல மார்பைக் காட்டிப் பார்த்தாச்சா?" என்று கேட்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார். சித்தி குரலைத் தாழ்த்தவில்லை.