விளக்குப் போட்டால் வரும் வாடை

கருகல் வாடை என்று சொல்லி யார் கார் கொண்டுவந்தாலும், பானட்டைத் திறப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: எப்போது வருகிறது? ஏற்றத்திலா, பிரேக் மிதித்த பிறகா, ஏ.சி. போட்டாலா, வண்டியை நிறுத்திய பிறகா? வேலூர் சத்துவாச்சாரியில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கார் பழுது பார்க்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் குடியாத்தத்திலிருந்து வந்த ஓர் அம்மா.

அவருக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய சிறிய பெட்ரோல் காரில் அவரே ஓட்டிக்கொண்டு வேலூருக்கு அழைத்து வருவார். மதியம் சிகிச்சை தொடங்கினால் முடித்துக்கொண்டு கிளம்ப இருட்டிவிடும். ஒரு மாதமாக வண்டிக்குள் கருகல் வாடை. வேறொரு பட்டறையில் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பணம் போயிற்று, வாடை போகவில்லை.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கிய வண்டிகள் எங்களிடம் வருவதுண்டு. கிளட்ச் தீய்ந்தால் காகிதமும் தாரும் சேர்ந்து எரிந்ததுபோல் மூக்கில் நெடியேறும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த ஒரு சக்கரத்தின் பக்கத்தில் மட்டும் அனல் அடிக்கும். ஆயில் கசிந்து புகைபோக்கி வழியில் விழுந்தால் தோசைக்கல்லில் எண்ணெய் தீய்ந்த வாடை. வயரின் பிளாஸ்டிக் சூடேறினால் சில சமயம் மீன் கவிச்சிபோல இருக்கும். இதில் கடைசியைத்தான் நான் மிகவும் அஞ்சுவேன். மற்றவை பெரும்பாலும் ஏதாவது அறிகுறி காட்டிவிட்டுத்தான் முற்றும். இது ஓசையில்லாமல் தீயாகிவிடும்.

அன்று பானட்டைத் திறந்ததும் இன்ஜினின் மேல்மூடியை அடைக்கும் வால்வு கவர் கேஸ்கெட்டில் ஆயில் கசிவு தெரிந்தது. கீழே, புகை வெளியேறும் குழாயான மேனிஃபோல்டில் கருப்பாகப் படிந்திருந்தது. கேஸ்கெட் மாற்றி, துடைத்து, ஓட்டிப் பார்த்து அனுப்பினேன். கசிவு உண்மையானது, அதை அடைத்ததும் சரிதான். ஆனால் கண்ணில் பட்ட முதல் பழுதோடு தேடலை நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாள் ஆசிரியர் போன் செய்தார். வாடை அப்படியே இருக்கிறதாம்.

அடுத்த சிகிச்சை நாளில், இரவு ஊர் திரும்பும்போது அவர்களோடு நானும் ஏறிக்கொண்டேன். பாலாற்றுப் பாலம் தாண்டி, காட்பாடி தாண்டும் வரை எதுவும் இல்லை. "இப்போது வராது தம்பி, லத்தேரி தாண்டித்தான் வரும்" என்றார் பின் இருக்கையில் சாய்ந்திருந்த அம்மா. ஏன் என்று கேட்டேன். "இவர் ஊருக்குள் சின்ன பார்க்கிங் விளக்கிலேயே ஓட்டுவார். லத்தேரிக்கு அப்புறம்தான் முன்னால் இருக்கும் பெரிய விளக்குப் போடுவார். போட்டுக் கொஞ்ச நேரத்தில் வரும்."

அதற்கு முன் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓட்டுபவரிடம் மட்டுமே பேசிப் பழகியிருந்தோம்.

அவர் சொன்னபடியே வந்தது, மெல்லிய மீன் கவிச்சி. ஸ்டியரிங்குக்குக் கீழே கையை வைத்தேன். விளக்கு ஸ்விட்சின் உறை சுட்டது. உடனே ஓரங்கட்டச் சொல்லி, மிச்சத் தொலைவுக்கு எங்கள் பட்டறை வண்டியை வரவழைத்து அவர்களை வீட்டில் விட்டோம்.

மறுநாள் ஸ்விட்சைக் கழற்றினால், உள்ளே மின்சாரத்தை இணைக்கும் உலோகத் தொடுமுனை நீலம் பாரித்திருந்தது. சுற்றிலும் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓர் ஓரத்தில் மெழுகாக வழிந்து உறைந்திருந்தது. முன்விளக்கில் 60/55 வாட் (உயர்ந்த ஒளிக்கு 60, தாழ்ந்த ஒளிக்கு 55) இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 100/90 வாட் பல்பு போட்டிருந்தார்கள். ஸ்விட்சுக்குப் பதிலாகப் பெரிய மின்சாரத்தைத் தாங்கும் ரிலே கிடையாது, முழு மின்சாரமும் ஸ்விட்ச் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. தாழ்ந்த ஒளியில் இரண்டு பல்புக்கும் சேர்த்து சுமார் 9 ஆம்பியர் போக வேண்டியது 15 ஆம்பியர் போனது. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அந்தச் சின்னத் தொடுமுனையில் சூடு இரண்டரை மடங்குக்கும் மேல்.

"ஃபியூஸ் போகவில்லையே?" என்றார் ஆசிரியர். நல்ல கேள்வி. இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனி ஃபியூஸ். ஒவ்வொன்றிலும் ஓடியது அதன் அளவுக்கு உட்பட்டதுதான். ஃபியூஸுக்குத் தெரிந்தது மின்னோட்டத்தின் அளவு மட்டுமே. தேய்ந்த தொடுமுனை எங்கோ தணலாகக் கனிவது அதற்குத் தெரியாது.

புதிய ஸ்விட்ச், ரிலே, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு தடித்த வயர், பீங்கான் ஹோல்டர், 60/55 பல்பு. வெளிச்சம் குறைந்துவிடுமோ என்று அவர் கவலைப்பட்டார். இன்ஜின் ஓடும்போது முன்பு பல்பு முனையில் 11 வோல்ட் சொச்சம்தான் வந்தது, இப்போது 13.5. அளந்து காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

மாற்றத் தேவையே இல்லாத அந்தக் கிளட்சுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. சிகிச்சைக்கென்று எடுத்துவைத்த பணம் அது.

அந்த வாரக் கடைசியில் அம்மாவே போன் செய்தார். "நேற்று லத்தேரி வந்ததே தெரியவில்லை தம்பி. வீட்டு வாசலில் இவர் எழுப்பித்தான் கண் விழித்தேன்."