வாடை விழுந்தாச்சு, ஆண் பாம்ப உள்ள விட்டாச்சு

நேத்து ராத்திரி கரையில இருந்து வந்த சித்தப்பா "வாடை விழுந்துருச்சுப்பா"ன்னாரு, வடக்கேருந்து குளிர்காத்து ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், நான் உடனே ஓடிப்போய் ரூம் தெர்மாமீட்டர பாத்தேன், 25 டிகிரி. மண்டபத்துல எங்க வீட்டுக்குள்ள வருஷத்துல கொஞ்ச நாள்தான் அப்படி எறங்கும். அந்தக் குளிருதான் ஜோடி சேர தூண்டும், காலையில ஆண் பால் பைத்தான (Ball Python, பந்தா சுருண்டுக்கிற சின்ன மலைப்பாம்பு) தூக்கி பொண்ணு பெட்டியில விட்டுட்டேன்.

நவம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் விட்டு விட்டு ஜோடி சேருன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது குளிர் ஊர்க்காரங்க கணக்கு, அவங்களுக்கு முட்டை எந்த மாசம் வந்தாலும் ஒண்ணுதான். நம்ம கடக்கரையில எப்ப பொரியணும்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணிட்டு வரணும். முட்டைக்கு 31, 32 டிகிரி வேணும், 55-லருந்து 60 நாள். இன்குபேட்டர் சூடு குடுக்கிற பெட்டிதான், குளிர வைக்காது. அக்னி நட்சத்திரத்துல ரூமே 36-ல நிக்கும்போது தெர்மோஸ்டாட் ஹீட்டர ஆஃப் பண்ணிட்டு கம்முனு இருக்கும், உள்ள முட்டை வேகும்.

போன தடவ எனக்கு அதான் ஆச்சு. டிசம்பர் கடைசியில சேத்தேன், ஏப்ரல்ல 6 முட்டை. டார்ச் வச்சு பாத்தா ஆறுலயும் செவப்பு நரம்பு வலை மாதிரி ஓடுது, அவ்ளோ சந்தோசம். மே மாசம் மத்தியான கரண்ட் கட்டுல ஏசியும் நின்னுபோச்சு, ரெண்டு முட்டை குழி விழுந்து நாறிடுச்சு, பொரிஞ்ச நாலுல ஒண்ணுக்கு முதுகெலும்பு வளைஞ்சிருந்துச்சு. பொழைக்கல. அது என் தப்புதான், தேதி தப்பு.

அதனால இப்ப இப்படி எண்றேன், ஏப்ரல் நடுவுல பொரியணும்னா பிப்ரவரி நடுவுல முட்டை விடணும், அதுக்கு ஒரு மாசம் முந்தி சட்டை உரிக்கும், அதுக்கும் ரெண்டு மூணு வாரம் முந்தி ஓவுலேஷன், அதாவது கருமுட்டை வெளியாகுறது, நடு ஒடம்பு ஒரு நாள் மட்டும் எலிய முழுங்குன மாதிரி உப்பிட்டு நிக்கும், கவனிக்கலேன்னா விட்டுரும். ஆக கிறிஸ்துமஸ்குள்ள அது நடக்கணும், ஐப்பசி மழையோட சேத்தாதான் முடியும்.

எடை 1500 கிராம் வராத பொண்ண சேக்காதீங்க, முட்டை விட்டதும் ஒடம்பு ஒட்டிப்போயிரும், ஒரு வருஷம் பொறுத்தா ஒண்ணும் கொறஞ்சு போயிராது. மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணாம வளக்காதீங்க, குஞ்சு பொரிஞ்சாலும் தெரிவிக்கணும். ஊர்ல பிடிச்ச சாரை, மண்ணுளியெல்லாம் கேட்டு யாரும் வராதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், அதுக தோப்புலயே இருக்கட்டும்.

இப்ப சாயங்காலம் மூடிய லேசா தூக்கி பாத்தேன், அவ தண்ணி கிண்ணத்த சுத்தி வயித்த பாதி மேல திருப்பி படுத்திருக்கா, உள்ள கருமுட்டை வளர ஆரம்பிச்சா குளிர்ச்சி தேடி இப்படித்தான் படுப்பா. அவன் வாலு அவ வாலோட பின்னியிருக்கு. வெளிய தூறல் ஆரம்பிச்சிருச்சு.